தொழிற்சாலை மோடத்துக்கு ஆண்டெனா பொருத்துவது: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறையில் ஒரு குளிர்பதனக் கிடங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை, பத்து காவானில் ஒரு கழிவுநீர்த் தொட்டி, மலையடிவாரத்தில் ஒரு பம்ப் அறை. எங்கே பார்த்தாலும் ஒரு சிறிய மோடம் வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் என்று எதையாவது இன்னோர் இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது அனுப்புவதை நிறுத்தியதும் தொலைபேசி வரும்: "அண்ணே, மோடம் கெட்டுவிட்டது." பெரும்பாலும் மோடம் கெட்டிருக்காது. ஆண்டெனா இருக்கும் இடம், அதற்குப் போகும் கேபிள், அந்தக் கேபிளின் இரண்டு முனைகள், இவற்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். பராமரிப்புப் பிரிவினரும் வயரிங் ஒப்பந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மோடத்தோடு ஒரு குட்டி ஆண்டெனா வருகிறதே, அது போதாதா?

மோடம் மேசைமேல் இருந்தால் போதும். தொழிற்சாலையில் அது மேசைமேல் இருப்பதில்லை. எஃகுப் பெட்டிக்குள், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி கணினிக்குப் பக்கத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. மூடிய உலோகப் பெட்டி ரேடியோ அலையை உள்ளேயே அடைத்துவிடும். கதவிடுக்கிலும் கேபிள் துளையிலும் கசிவதுதான் வெளியே போகும். சோதிக்கும்போது கதவு திறந்திருப்பதால் எல்லாம் சரியாக வேலை செய்யும். பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும் இணைப்பு அறுந்துவிடும். பிறகு மறுநாள் வந்து கதவைத் திறந்து பார்ப்பார்கள், மோடம் நன்றாக வேலை செய்யும்!

பிளாஸ்டிக் அல்லது கண்ணாடியிழைப் பெட்டி என்றால் ஆண்டெனாவை உள்ளேயே வைக்கலாம். ஆனால் கருவிகளைப் பொருத்தியிருக்கும் உலோகத் தகட்டையும் மின்கம்பிக் கட்டுகளையும் விட்டு விலகி இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். குச்சி போன்ற சிறிய ஆண்டெனாக்களில் பல, கால் அலைநீள வகையைச் சேர்ந்தவை. 920 மெகாஹெர்ட்ஸில் அந்தக் குச்சி சுமார் 8 சென்டிமீட்டர், 433 மெகாஹெர்ட்ஸில் சுமார் 17 சென்டிமீட்டர். அடியில் ஓர் உலோகத் தளம் இருந்தால்தான் இந்த வகை முழுதாக வேலை செய்யும். இதைக் கொண்டுபோய் பிளாஸ்டிக் தொட்டி மூடியில் பொருத்திவிட்டு மோடத்தைத் திட்டுவதில் நியாயமில்லை. தளமில்லாத இடத்துக்கு அரை அலைநீள டைபோல் வகையைக் கேட்டு வாங்குங்கள். காந்த அடி ஆண்டெனா வாங்குபவர்கள் பெட்டி எந்த உலோகம் என்று முதலில் பாருங்கள். உணவுத் தொழிற்சாலைகளில் இருக்கும் 304, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகிலும் அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது.

ஆண்டெனாவை எங்கே வைப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். எந்த ஆண்டெனா என்பதைவிட எந்த இடம் என்பதுதான் பெரிய கேள்வி.

மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் போவதில்லை. இரு முனைகளிலும் குறுகி, நடுவில் பருத்த ஒரு வெளி அதற்கு வேண்டும். பிரெனல் மண்டலம் என்று அதற்குப் பெயர். 920 மெகாஹெர்ட்ஸில் 2 கிலோமீட்டர் தொலைவுக்கு அதன் நடு ஆரம் சுமார் 13 மீட்டர். அதில் 60 விழுக்காட்டுக்குள், அதாவது ஏறக்குறைய 8 மீட்டருக்குள், மரமோ கட்டடமோ தரையோ நுழையக் கூடாது. கூரைக்கு மேல் ஒரு முழக் குழாய் நட்டு, வழியில் நிற்கும் மரங்களின் உச்சியை உரசிக்கொண்டு பாதை போனால், கண்ணுக்கு எட்டியது சிக்னலுக்கு எட்டாது. மரம் வளரும் என்பதும் நினைவிருக்கட்டும். இந்த ஆண்டு சரியாக இருக்கும் பாதையை அடுத்த சில ஆண்டுகளில் இலைகள் மூடிவிடும்.

பட்டர்வொர்த் துறைமுகப் பக்கம் வேலை செய்பவர்களுக்குத் தடை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கொள்கலனின் உயரம் சுமார் 2.6 மீட்டர், ஐந்தை அடுக்கினால் 13 மீட்டர் இரும்புச் சுவர். காலையில் இல்லாத சுவர் மாலையில் இருக்கும். அங்கே அளவெடுக்கும்போது காலி முற்றத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், அடுக்கு எவ்வளவு உயரம் போகும் என்று முற்றத்து மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டுக் குழாயின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே நீரிணையைக் கடந்து இணைப்பு அமைப்பவர்களுக்கு இன்னொரு விசித்திரம் காத்திருக்கிறது. ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே சுமார் 3 கிலோமீட்டர்தான். இடையில் மரமில்லை, கட்டடமில்லை, கப்பல்கள் மட்டும். எளிது என்று தோன்றும். ஆனால் கடலின் மேற்பரப்பு ரேடியோ அலைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. நேராக வரும் அலையும் நீரில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஆண்டெனாவில் சந்திக்கின்றன. இரண்டும் ஒத்துப்போனால் சிக்னல் கூடும், முரண்பட்டால் குறையும். ஓதம் ஏறி இறங்கும்போது தெறிக்கும் பாதையின் நீளம் மாறுவதால், காலையில் நன்றாக இருந்த இணைப்பு பிற்பகலில் தடுமாறும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கோளாறு வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள். அது தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போனால் குற்றவாளி மோடமல்ல, ஓதம்; ஓதமும் அதே அளவுதான் தினமும் பிந்துகிறது. ஆண்டெனாவைச் சற்று ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். கரையோரக் கூரை விளிம்பு போன்ற ஏதாவது நீரில் தெறிக்கும் பாதையை மட்டும் மறைக்கும்படி ஆண்டெனாவைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்துவதும் பலன் தரும்.

கட்டடத்துக்குள்ளே கதை வேறு. அலைகள் தூண்களிலும் இயந்திரங்களிலும் மோதித் தெறித்துக்கொண்டே இருப்பதால், ஒரு சாண் நகர்த்தினாலேயே அளவு 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு, மாறக்கூடும். துளை போடுவதற்கு முன் ஆண்டெனாவை ஒரு மரக்கோலில் கட்டி, இங்கும் அங்கும் பிடித்து, மோடம் காட்டும் அளவைப் பாருங்கள். இயந்திரங்கள் ஓடும் நேரத்தில், லோரிகள் வந்து நிற்கும் நேரத்தில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் தொழிற்சாலையில் எடுத்த அளவை நம்பாதீர்கள். இரும்புத் தூணிலிருந்தும் கூரைச் சட்டத்திலிருந்தும் குறைந்தது ஓர் அலைநீளம் தள்ளி வையுங்கள். 920 மெகாஹெர்ட்ஸில் அது 33 சென்டிமீட்டர்.

அப்படியானால் இருப்பதிலேயே உயரமான இடத்தில் வைத்துவிடலாமே?

இடி விழுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். இடியை ஒதுக்கிவிட்டாலும், உயரம் எப்போதும் நன்மை அல்ல என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

8 டிபிஐ ஆண்டெனாவை எடுத்துவிட்டு 12 டிபிஐ போட்டால் சிக்னல் கூடுமா?

கூடலாம், குறையவும் செய்யலாம். ஆண்டெனா அலையை ஒரு பக்கமாக எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவுதான் டிபிஐ. ஆண்டெனா எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. ஒரு கரண்டி மாவில் தோசையை எவ்வளவு அகலமாக இழுத்தாலும் மாவு அதேதான். அகலம் கூடினால் தடிமன் குறையும். சுற்றிலும் பரப்பும் ஓம்னி ஆண்டெனாவில் டிபிஐ ஏற ஏறக் கற்றை மேலும் கீழும் மெலிந்து, பக்கவாட்டில் நீளும். 8, 9 டிபிஐ ஓம்னியின் செங்குத்துக் கற்றை பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரிதான். பதினைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் அதை வைத்தால், தொலைவில் இருப்பவனுக்கு நன்றாகக் கேட்கும். அதே கட்டடத்தின் அடியில் இருக்கும் பம்ப் அறைக்குக் கேட்காது. கொடிமலைச் சரிவிலிருந்து கீழே ஆயர் ஈத்தாம் பக்கம் பேச வேண்டிய கருவிக்கும் இதே நிலைதான். இத்தகைய இடங்களில் 2 அல்லது 3 டிபிஐ போதும். அல்லது கற்றையைக் கீழ்நோக்கிச் சாய்க்கக்கூடிய பலகை ஆண்டெனா வேண்டும்.

விலைப்பட்டியலைப் படிக்கும்போது டிபிஐயா டிபிடியா என்று பாருங்கள். டிபிடியில் சொன்ன எண்ணோடு 2.15 கூட்டினால்தான் டிபிஐ. ஒன்றை ஒன்றோடு நேரே ஒப்பிடக் கூடாது. ஒரு விரல் நீளக் குச்சிக்கு 12 டிபிஐ என்று இணையக் கடையில் எழுதியிருந்தால் அந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

யாகி ஆண்டெனாவைத் திருப்பிவிட்டோம், திசையும் சரி, ஆனாலும் சிக்னல் இல்லை. ஏன்?

ஒரு தண்டில் வரிசையாகக் குறுக்குக் குச்சிகள் பொருத்திய, ஒரே திசையை நோக்கும் ஆண்டெனாதான் யாகி. அந்தக் குச்சிகள் படுத்திருக்கின்றனவா நிற்கின்றனவா என்று பாருங்கள். மறுமுனையில் ஓம்னி நின்றுகொண்டிருந்தால் யாகியின் குச்சிகளும் நிற்க வேண்டும். ஒன்று நின்று ஒன்று படுத்தால் 20 டெசிபல் வரை போய்விடும். நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கேபிள் கிளம்பும் இடத்தில் நீர் வடியும் துளை இருந்தால் அது கீழ்ப்பக்கம் இருக்கட்டும். பிறகு யாகியின் குறுகிய முனைதான் மறுமுனையைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்காதீர்கள், சொல்ல வேண்டியிருக்கிறது.

கேபிளில் என்ன இருக்கிறது? கிடைத்ததைப் போட்டால் ஆகாதா?

ஆகாது. செலவைக் குறைப்பதாக நினைத்துப் பலர் பணத்தைத் தொலைப்பது இங்கேதான்.

ஹார்ட்வேர் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஆர்ஜி-58 கேபிள் 900 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மீட்டருக்கு ஏறக்குறைய அரை டெசிபலை விழுங்குகிறது. 10 மீட்டர் இழுத்தால் 5 டெசிபல், அதாவது மோடம் அனுப்பும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூட ஆண்டெனாவுக்குப் போய்ச் சேராது. 2.4 கிகாஹெர்ட்ஸில் நிலைமை இன்னும் மோசம். அதே 10 மீட்டருக்கு எல்எம்ஆர்-400 வகைத் தடித்த கேபிளில் 900 மெகாஹெர்ட்ஸில் 1.3 டெசிபல், 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 2.2 டெசிபல்தான். 6 டிபிஐ ஆண்டெனா வாங்கி 10 மீட்டர் ஆர்ஜி-58இல் தொங்கவிட்டவர், 1 டிபிஐ ஆண்டெனாவுக்கு அதிக விலை கொடுத்திருக்கிறார். தொலைக்காட்சிக்குப் போடும் 75 ஓம் கேபிள் மீந்திருக்கிறது என்று அதைப் பயன்படுத்தவும் வேண்டாம். இந்த மோடங்களும் ஆண்டெனாக்களும் 50 ஓமுக்கு ஆனவை.

தடித்த கேபிளுக்கும் ஒரு குணம் உண்டு: கூர்மையாக மடிக்கக் கூடாது. எல்எம்ஆர்-400ஐ மூலையில் சட்டென்று மடித்தால் உள்ளே நடுக்கம்பி நகர்ந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அதன் கனமும் விறைப்பும் மோடத்தின் சிறிய எஸ்எம்ஏ முனையை நாளடைவில் பிய்த்துவிடும் என்பதால் கடைசி அரை மீட்டருக்கு மெல்லிய இணைப்புக் கேபிள் ஒன்றைப் போடுவது வழக்கம்.

கேபிள் 15, 20 மீட்டருக்கு மேல் போகிறது என்றால் என் அறிவுரை வேறு: கேபிளை நீட்டாதீர்கள், மோடத்தை நகர்த்துங்கள். மோடத்தைக் கூரைக்குப் பக்கத்தில் நீர் புகாத பெட்டியில் வைத்துவிட்டு, அங்கிருந்து பிஎல்சிக்கு ஈதர்நெட் அல்லது ஆர்எஸ்-485 கம்பியை இறக்குங்கள். ஈதர்நெட் 100 மீட்டர் வரை போகும். ஆர்எஸ்-485 குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். தரவுக் கம்பியில் போவது ரேடியோ அலை போல மீட்டருக்கு மீட்டர் கரைவதில்லை. ஒரே கவலை வெயில். நம் ஊர்த் தகரக் கூரைமேல் நேர் வெயிலில் வைத்த பெட்டி அடுப்பாகிவிடும். நாள் முழுவதும் நிழல் இருக்கும் சுவரோ, கூரை நீட்டத்தின் அடிப்பக்கமோ பார்த்து வையுங்கள். வெளிர்நிறப் பெட்டியாக இருக்கட்டும்.

கனெக்டர் நன்றாகத் திருகி உட்கார்ந்திருக்கிறது, ஆனால் ஆண்டெனாவே இல்லாததுபோல் இருக்கிறது.

மோடத்தில் எஸ்எம்ஏ, ஆண்டெனாவில் ஆர்பி-எஸ்எம்ஏ, அல்லது நேர்மாறாக இருக்கும். இரண்டுக்கும் மரை ஒன்றுதான், அதனால் அழகாகத் திருகிவிடும். நடுவில் பாருங்கள்: ஒன்றில் ஊசி இருந்து மற்றதில் துளை இருக்க வேண்டும். இரண்டிலும் துளை இருந்தால் தொடர்பே இல்லை. இரண்டிலும் ஊசி இருந்தால் திருகும்போதே ஏதாவது ஒன்று நசுங்கியிருக்கும்.

மோடத்துக்குள்ளே பலகையில் அழுத்திப் பொருத்தும் யுஎஃப்எல் என்ற மிகச் சிறிய கனெக்டர் சுமார் 30 முறை கழற்றி மாட்டுவதற்குத்தான் உருவாக்கப்பட்டது. சோதனை என்று அதைக் கழற்றிக் கழற்றி மாட்டாதீர்கள்.

மழை பெய்தால் சிக்னல் போய்விடுகிறது. மழை அலையைத் தடுக்கிறதா?

தடுப்பதில்லை, அல்லது அளக்க முடியாத அளவுக்குத்தான் தடுக்கிறது. 433, 920 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் எல்லாம் பினாங்கின் கொட்டும் மழையையும் எளிதாகக் கடந்துவிடும். மழையால் அலை உண்மையிலேயே மெலிவது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். செயற்கைக்கோள் தொலைக்காட்சி மழையில் நின்றுபோவது அதனால்தான்.

உங்கள் இணைப்பு மழையில் போகிறது என்றால் இரண்டில் ஒன்று. வழியில் மரங்கள் இருந்து இலைகள் நனைந்திருக்கலாம். இல்லையென்றால், கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. மழை விட்டதும் சிக்னல் உடனே திரும்பினால் இலைகள் மீது சந்தேகப்படுங்கள். மழை விட்டு வெயில் ஏறி மதியம் ஆன பிறகுதான் திரும்புகிறது என்றால் ஏணியை எடுங்கள், கனெக்டர்தான்.

நீர் புகாமல் கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது, அதில் அவசரம் கூடாது. கனெக்டரைக் காய்ந்த துணியால் துடைத்து முறையாக இறுக்குங்கள். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை அதன் அகலம் பாதியாகும்வரை இழுத்து, கேபிள் பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடட்டும். கீழிருந்து மேலே சுற்றினால்தான் அடுக்குகள் ஓடு வேய்ந்தாற்போல் அமைந்து நீர் வழிந்தோடும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் ஒரு சிறு கிண்ணம். ரப்பர் நாடா வெயிலைத் தாங்காது, ஆகவே அதன்மேல் வெயில் தாங்கும் கறுப்பு வினைல் நாடாவை அதே திசையில் சுற்றுங்கள். கடைசிச் சுற்றை இழுக்காமல் தளர்வாக ஒட்டினால் அது பிறகு உரிந்து வராது. சுவருக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள். கேபிளில் வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டி விழும், பெட்டிக்குள் போகாது.

நீர் ஒருமுறை கேபிளின் பின்னலுக்குள் ஊறிவிட்டால் அந்தக் கேபிளைக் காயவைத்துப் பயனில்லை. வெட்டிப் பார்த்தால் பளபளப்பாக இருக்க வேண்டிய செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருக்கும். அந்தக் கேபிளை மாற்றுங்கள்.

கடற்கரையில் இருக்கிறோம். எல்லாம் துருப்பிடிக்கிறது.

பிடிகளுக்கும் போல்ட்களுக்கும் 316 ரக எஃகு வாங்குங்கள். அலுமினிய யாகியை எஃகுப் பிடியால் கட்டும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். இடையே துருத்தடுப்புப் பசை தடவுங்கள். பளிச்சென்ற துத்தநாக முலாம் பூசிய மலிவு போல்ட்கள் கடலோரத்தில் நீண்ட நாள் நிற்காது. முடிந்த இடங்களில் குச்சிகள் வெளியே தெரியும் யாகிக்குப் பதிலாகக் கண்ணாடியிழை உறைக்குள் மூடிய ஆண்டெனாவையே நான் பரிந்துரைப்பேன்.

தெலுக் பஹாங் பக்கமும் கொடிமலைப் பக்கமும் வேலை செய்பவர்களுக்குத் துருவைவிடக் குரங்குகள் பெரிய எதிரி. அங்கே தொங்கும் கேபிள் எதுவும் குழாய்க்குள் இருக்கட்டும்.

இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரை உலகிலேயே இடி மின்னல் அதிகமான வட்டாரங்களில் ஒன்று. ஆகவே இது வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற விஷயம் அல்ல.

முதலில் ஆண்டெனாவின் இடம். கட்டடத்தின் இடிதாங்கி தரும் பாதுகாப்பு எல்லைக்குள் ஆண்டெனா இருக்க வேண்டும். இடிதாங்கியைவிட உயரமாக ஒருபோதும் இருக்கக் கூடாது. 45 டிகிரி கோணத்தை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவது ஒரு தோராயம்தான், உயரமான கட்டடங்களுக்கு அது செல்லாது. எம்எஸ் ஐஈசி 62305 தரநிலையின்படி பாதுகாப்பு எல்லையை வரைந்து தரச் சொல்லிக் கட்டடத்தின் மின்பொறியாளரிடம் கேளுங்கள். இடிதாங்கிக் கம்பியிலேயே ஆண்டெனாவைக் கட்டுவது வேலையை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்தது அரெஸ்டர், அதாவது கேபிளில் வரும் மின்னல் அதிர்வை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி. கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில், வாயு நிரப்பிய குழாய் கொண்ட அரெஸ்டரைப் போடுங்கள். உள்ளே மோடத்துக்குப் பக்கத்தில் போட்டால், அடியையும் உள்ளே அழைத்து வந்த பிறகு தடுக்கிறோம் என்று பொருள். அரெஸ்டரிலிருந்து எர்த்துக்குப் போகும் கம்பி தடிமனாக, குட்டையாக, நேராக இருக்கட்டும். மின்னலின் வேகத்தில் ஒரு மீட்டர் கம்பிகூட ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாட்டை உண்டாக்கும். மீந்த கம்பியை அழகாகச் சுருட்டிக் கட்டி வைப்பவர்கள், தெரியாமலே ஒரு காயிலைச் செய்து வைக்கிறார்கள்.

மூன்றாவது, அதிகம் தவறுவது: ஆண்டெனாவுக்கு என்று தனியாக ஒரு எர்த் கம்பியை மண்ணில் அடித்துவிட்டு, கட்டடத்தின் முதன்மை எர்த்தோடு அதை இணைக்காமல் விடுவது. இடி விழும்போது இரண்டு எர்த்துகளும் வெவ்வேறு மின்னழுத்தத்துக்கு ஏறும். இடையில் அகப்பட்டிருப்பது உங்கள் மோடம். எல்லா எர்த்தும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இதையெல்லாம் செய்தாலும் நேரடி அடியைக் கருவி தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பக்கத்தில் எங்கோ விழும் இடி கேபிளில் தூண்டும் அதிர்வைத் தாங்கும், அன்றாடம் நடப்பதும் அதுதான். மின்சார வரவிலும் ஆர்எஸ்-485 கம்பியிலும் பாதுகாப்பு இல்லாமல் ஆண்டெனாவில் மட்டும் போட்டு வைப்பது முன்கதவை மட்டும் பூட்டுவது.

அமெரிக்காவிலிருந்து இணையத்தில் 900 மெகாஹெர்ட்ஸ் மோடம் வாங்கினோம். போடலாமா?

அப்படியே போடக் கூடாது. அந்த நாட்டுக் கருவிகள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை தாவித் தாவி அனுப்பும். இங்கே அந்தப் பட்டையின் இரண்டு ஓரங்களும் கைப்பேசிக்கு உரியவை: 915 வரை கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்கு, 925இலிருந்து கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு. நீங்கள் அங்கே அனுப்பினால் கைப்பேசி நிறுவனத்துக்கு இடையூறு, உங்களுக்கு வழக்கு. மலேசியாவில் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் குறுந்தொலைவுக் கருவிகள் 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குகின்றன. கருவியை அந்தப் பட்டைக்குள் அடக்கும் அமைப்பு இருக்க வேண்டும், சிரிம் சான்றும் இருக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் அலைவரிசைகளை நிர்வகிப்பது எம்சிஎம்சி ஆணையம். நடப்பு ஒதுக்கீட்டுப் பட்டியலை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் ஆற்றலுக்கான எல்லை ஆண்டெனாவையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லை 27 டிபிஎம் (ஆற்றலை டெசிபலில் சொல்லும் அளவு) என்று வைத்துக்கொள்ளுங்கள். மோடம் 20 டிபிஎம் அனுப்புகிறது, கேபிளில் 2 போகிறது, ஆண்டெனா 9 டிபிஐ. 20 கழித்தல் 2 கூட்டல் 9, சரியாக 27. அங்கே 12 டிபிஐ ஆண்டெனா போட்டால் மோடத்தின் ஆற்றலை 3 குறைத்தாக வேண்டும். அப்போது அனுப்புவதில் ஆதாயம் இல்லை. பெறுவதில் மட்டும் உண்டு.

4ஜி மோடத்தில் இரண்டு ஆண்டெனா முனைகள் இருக்கின்றன. ஒன்று போதுமா?

முதன்மை முனையில் மட்டும் போட்டாலும் இயங்கும், ஆனால் மோடத்தின் ஒரு காதைப் பொத்தி வைத்ததற்குச் சமம். இரண்டையும் பொருத்துங்கள். 1,800 மெகாஹெர்ட்ஸில் இரண்டுக்கும் இடையே குறைந்தது 8, 9 சென்டிமீட்டர். 700 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 21 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வேண்டும். ஒன்றை நேராக, மற்றதைச் சாய்வாக வைத்தால் இன்னும் நல்லது. முதன்மை முனையை வெறுமனே விட்டு மோடத்தை இயக்காதீர்கள். அனுப்பிய ஆற்றல் திரும்பி வந்து அதன் அனுப்பும் பகுதியையே கெடுக்கக்கூடும்.

பழைய 3ஜி மோடம் இன்னும் எங்காவது மாட்டியிருந்தால், அதற்கு எந்த ஆண்டெனாவும் உதவாது. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது. 5ஜிக்கு மாறுபவர்கள் ஆண்டெனாவின் பட்டையைப் பாருங்கள். 2,700 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும் 4ஜி ஆண்டெனா, இங்கு 5ஜி ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸுக்குப் பொருந்தாது.

சிக்னல் முழுக் கோடும் காட்டுகிறது, ஆனால் தரவு போகவில்லை.

கோடுகளைப் பார்க்காதீர்கள். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். முதலாவது கோபுரத்தின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பது: கழித்தல் 90 டிபிஎம்மோ அதற்கு மேலோ என்றால் நன்று, கழித்தல் 110க்குக் கீழே போனால் நம்ப முடியாது. இரண்டாவது, அந்தக் குரல் சுற்றியுள்ள இரைச்சலிலிருந்து எவ்வளவு பிரிந்து கேட்கிறது என்பது: 20 டெசிபல் என்றால் மிக நன்று, பூஜ்யத்துக்குக் கீழே என்றால் திணறல். முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது மோசம் என்றால், ஆண்டெனா பல கோபுரங்களை ஒரே நேரத்தில் கேட்கிறது. அங்கே உயரத்தைக் குறைப்பதும், ஒரே கோபுரத்தை நோக்கும் திசை ஆண்டெனாவும் பலன் தரும்.

இரண்டும் நன்றாக இருந்து தரவு மட்டும் நகரவில்லை என்றால் கோபுரத்தில் நெரிசல். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் ஒரு மோடம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு ஆண்டெனாவில் மருந்தில்லை. தரவைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும்படி மோடத்தை அமைக்க வேண்டும்.

மல்டிமீட்டரில் ஆண்டெனா ஷார்ட் காட்டுகிறது. கெட்டுவிட்டதா?

அவசியமில்லை. பல ஆண்டெனாக்களில் நடு ஊசியும் வெளி உறையும் நேர்மின்னோட்டத்துக்கு இணைந்தே இருக்கும். நிலைமின்னைக் கடத்துவதற்காக அப்படிச் செய்கிறார்கள். வாங்கும்போதே புதியதை அளந்து குறித்து வைத்தால் பிறகு ஒப்பிடலாம். கேபிளைத் தனியாகக் கழற்றி அளந்தால் மட்டும் ஷார்ட் காட்டவே கூடாது. ஆண்டெனாவை உண்மையில் சோதிக்க, அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் எண்ணை அளக்கும் கருவி வேண்டும். 1.5 என்றால் 4 விழுக்காடு ஆற்றல் திரும்பி வருகிறது, 2 என்றால் 11, 3 என்றால் 25. இரண்டுக்குள் இருந்தால் நான் ஏணியை மடித்துவிடுவேன். ஒரு எச்சரிக்கை: நீண்ட, மோசமான கேபிள் திரும்பி வரும் ஆற்றலையும் விழுங்கிவிடுவதால், கீழே நின்று அளந்தால் கெட்ட ஆண்டெனாவும் நல்லதாகத் தெரியும்.

மோட்டார் ஓடும்போது மட்டும் இணைப்பு தடுமாறுகிறது.

மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரைச் சந்தேகப்படுங்கள். ஆண்டெனா கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே தட்டில் கட்டப்பட்டிருந்தால் பிரியுங்கள். கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். பல நேரங்களில் பாதிக்கப்படுவது ரேடியோவே அல்ல, மோடத்துக்குப் போகும் மின்சாரமும் ஆர்எஸ்-485 கம்பியும்தான்.

கூரைமேல் ஏறுவதற்கு முன்?

வெளிச்சத்துக்காகத் தகரத்துக்கு நடுவே பதித்த பிளாஸ்டிக் தகடுகள் எங்கே இருக்கின்றன என்று கீழிருந்தே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே தூசி படிந்து அவையும் தகரம்போலவே தெரியும், ஆனால் ஆளைத் தாங்காது. பாதுகாப்புக் கயிறும் அதை மாட்டத் தகுந்த பிடிப்பும் இல்லாமல் ஏறாதீர்கள். தனியாக ஏறாதீர்கள். பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்தால் வேலை பாதியில் இருந்தாலும் இறங்கிவிடுங்கள். பக்கத்தில் மின்கம்பி போனால், குழாய் சாய்ந்து விழுந்தாலும் அதைத் தொடாத தொலைவு வேண்டும். கூரைமேல் ஏற்கெனவே கைப்பேசி நிறுவனத்தின் ஆண்டெனாக்கள் இருந்தால், கட்டட நிர்வாகத்திடம் கேட்காமல் அவற்றின் முன்னால் நின்று வேலை செய்யாதீர்கள்.

வேலை முடிந்ததும் எதை எழுதி வைக்க வேண்டும்?

ஆண்டெனாவின் வகை, கேபிளின் வகையும் நீளமும், நோக்கும் திசை, அன்றைய சிக்னல் அளவு, எஸ்டபிள்யூஆர், தேதி. ஒரு படம். இவற்றைப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அலுவலகக் கணினியில் இருக்கும் கோப்பு, நள்ளிரவில் டார்ச்சோடு வந்து நிற்பவருக்கு உதவாது.

ஆண்டெனா அசிங்கமாகத் தெரிகிறது, சுவர் நிறத்தில் பெயிண்ட் அடிக்கலாமா என்று நிர்வாகம் கேட்கிறது.

உலோகத் துகள் கலந்த வெள்ளிப் பெயிண்ட் கூடவே கூடாது. ஆண்டெனாவைப் பெட்டிக்குள் வைத்ததற்குச் சமமாகிவிடும். சாதாரணப் பெயிண்டையும் தயாரிப்பாளர் அனுமதிக்காமல் அடிக்காதீர்கள். குழாய்க்கும் பிடிக்கும் வேண்டுமானால் எந்த நிறமும் அடித்துக்கொள்ளட்டும்.